உடல் பருமன், வளர்சிதை மாற்றம், எடைக் குறைப்பு மருந்துகள்: புதுச்சேரி, கடலூர் மக்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மருந்தியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, புதுச்சேரியிலும் கடலூரிலும் குடியிருப்போர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் அழைக்கும் கூட்டங்களில் உடல் எடையைப் பற்றிப் பேசி வருகிறேன். மேடையில் இருக்கும்போது அதிகம் கேள்வி வராது. கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் ஒவ்வொருவராக அருகில் வந்து, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். அந்தத் தாழ்ந்த குரலுக்குத் தேவையே இல்லை என்பதை அறிவியலைக் கொண்டே காட்ட முடியும் என்று நம்புவதால், அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

புதுச்சேரியில் பாதிப்பேருக்கு மேல் உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேரை அளந்து, இரத்தப் பரிசோதனை செய்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டன. அதில் 20 வயது நிரம்பியவர்களில் உடல் பருமன் உள்ளோர் நாட்டளவில் 28.6 சதவீதம், புதுச்சேரியில் 53.3 சதவீதம். வயிற்றுப் பகுதிப் பருமன் நாட்டளவில் 39.5 சதவீதம், புதுச்சேரியில் 61.2 சதவீதம். இவ்விரண்டிலும் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். நீரிழிவிலோ 26.3 சதவீதத்துடன் கோவாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறோம்.

இந்த எண்ணைப் பார்த்து மிரளுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதுச்சேரி மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நகரவாசிகள். பெரும்பகுதி கிராமங்களாக உள்ள மாநிலங்களோடு ஒப்பிடும்போது நம் எண் உயர்ந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கணக்கு மாநில அளவில் எடுக்கப்பட்டது, மாவட்ட வாரியாக அன்று. ஆயினும் காலையில் கடலூரில் பேருந்து ஏறிப் புதுச்சேரியில் வேலை பார்த்து இரவு திரும்புகிறவரின் உணவும் உழைப்பும் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மாறிவிடுவதில்லை. கடலூர்க்காரர்களும் இதைத் தங்கள் எண்ணாகவே கருதலாம்.

நமக்கு மட்டும் 25-க்கு மேல் பருமன் என்கிறார்கள். வெளிநாட்டில் 30 வரை விடுகிறார்களே, ஏன்?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியெண், அதாவது பி.எம்.ஐ. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 64 கிலோ இருந்தால் அவருடைய குறியெண் 25. உலக அளவில் 30-இலிருந்து பருமன் என்று கணக்கிடுகிறார்கள். இந்திய மருத்துவர்கள் 2009-இல் வகுத்த வரம்பின்படி 23-இலிருந்து அதிக எடை, 25-இலிருந்து பருமன்.

இதன் காரணத்தை ஒரு புகைப்படம் எந்தப் பாடநூலையும்விட நன்றாக விளக்கியது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் 2004-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் குறியெண் ஒன்றே, 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பின் அளவு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கக்கூடும்; அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் தங்காமல் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்கிறது. புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, சராசரி எடை 2.7 கிலோவுக்கு 3.5 கிலோ என்று வித்தியாசம் பெரிதாக இருந்தும், தோலடிக் கொழுப்பில் அத்தனை குறைவு இல்லை. ஆக, இந்த உடல்வாகு தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

எனவே தராசைவிடச் சுற்றளவை அளக்கும் நாடாவை நான் அதிகம் நம்புகிறேன். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே வயிற்றுச் சுற்றளவின் எல்லை. புடவைக் கொசுவம் செருகும் இடத்திலோ பேண்ட் இடுப்பு நிற்கும் இடத்திலோ அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும்.

எடை ஏறுவதற்குக் காரணம் சோறா, எண்ணெயா?

இரண்டும் சேர்ந்துதான். சோறு செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் உயர்ந்திருக்கும் நேரத்தில் உடல் சர்க்கரையை முதலில் எரித்து, அதே வேளையில் உண்ட எண்ணெயின் கொழுப்பைக் கிடங்குக்கு அனுப்பிவிடும். தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரலும் கொழுப்பாக மாற்றும். மேலே சொன்ன நாடளாவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானபோது, இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதும், புரதம் மிகக் குறைவாக இருப்பதும் தெரிந்தன. சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. தட்டில் பாதியை அடைத்திருக்கும் சோற்றைக் கால்வாசியாக்கி, கடலூர் துறைமுகத்தில் இறங்கும் மத்தியும் நெத்திலியும், மீன் உண்ணாதவர்களுக்குப் பயறும் சுண்டலும் அந்த இடத்தைப் பிடிக்கட்டும் என்றே சொல்கிறேன்.

மாலையில் ஒரு குவாட்டர் மட்டும்தான்; அதுவும் கணக்கில் சேருமா?

சேரும். ஒரு கிராம் ஆல்ககாலில் 7 கலோரி உள்ளது. 180 மில்லி விஸ்கியில், புட்டியில் அச்சிட்டிருக்கும் 42.8 சதவீதத்தை வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 60 கிராம் ஆல்ககால், அதாவது 420 கலோரிக்கு மேல். ஆறு இட்லிக்குக் குறையாத ஆற்றல் அது. கூட வரும் வறுவல் தனிக் கணக்கு. ஆல்ககாலை உடல் சேமித்துவைக்க முடியாது என்பதால் அதை முதலில் எரிக்கும்; அதுவரை கொழுப்பு எரிவது நின்றிருக்கும்.

வயது நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம், அதாவது வளர்சிதை மாற்றம், குறைந்துவிடுகிறது என்பது சரிதானா?

பலரும், மருத்துவர்கள் உட்பட, அப்படித்தான் நம்பிவந்தோம். 29 நாடுகளைச் சேர்ந்த, பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை அளந்த தரவுகள் 2021-இல் வெளிவந்தன. குடிநீரில் உள்ள ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் கனமான வடிவங்களைக் கலந்து கொடுத்து, அவை சிறுநீரில் எத்தனை வேகமாக வெளியேறுகின்றன என்று பார்க்கும் முறை அது. உடலின் பருமனையும் தசையையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது, 20 வயதிலிருந்து 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது. 60-க்குப் பிறகுதான் மெல்ல இறங்கத் தொடங்கியது. நாற்பதில் வயிறு முன்னால் வருவதற்கு உடலின் அடுப்பு அணைந்துபோனது காரணமில்லை. உட்காரும் நேரமும் உண்ணும் அளவும் கூடி, தசை கரைந்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தேன். ஒரே ஆண்டில் பன்னிரண்டு கிலோ ஏறிவிட்டது. எனக்கு மனவுறுதி இல்லையா?

எல்லாவற்றிலும் அதிகமாக வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கொழுப்பு என்பது வெறும் கிடங்கன்று, அதுவும் ஒரு சுரப்பி என்பது 1994-இல் தெளிவாயிற்று. நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், அடங்காப் பசியோடு பிறக்கும் ஒருவகைப் பருத்த எலிகளில் பழுதாகியிருந்த மரபணுவைக் கண்டறிந்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள். கொழுப்புச் செல்கள் லெப்டினைச் சுரந்து, 'கையிருப்பு இவ்வளவு இருக்கிறது' என்ற செய்தியை மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 1997-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைக் கண்டார்கள். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோவும் இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோவும் இருந்தனர். அதன்பின் லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் இத்தகைய குழந்தைகளின் பசி அடங்கி, எடை இறங்கியது. அவர்களுடைய பசிக்குப் பெற்றோரின் வளர்ப்பு காரணமில்லை, செய்தி ஒன்று போய்ச்சேராததே காரணம் என்பது அப்போது உறுதியாயிற்று.

நம்மில் பெரும்பாலோருக்கு லெப்டின் இருக்கிறது. சொல்லப்போனால் பருத்தவர்களுக்கு மிகுதியாகவே இருக்கிறது. அதனால்தான் சாதாரணப் பருமனுக்கு லெப்டின் ஊசி பயன்படவில்லை. ஆனால் எடை குறையும்போது லெப்டின் சட்டென்று வீழ்கிறது. மூளை அதைப் பஞ்சம் வந்ததன் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, ஆற்றல் செலவைக் குறைக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944, 1945 ஆண்டுகளில் 36 இளைஞர்கள், போரால் பட்டினியில் வாடியவர்களுக்கு எப்படி மறுவாழ்வு அளிப்பது என்று கண்டறிவதற்காக, தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்த அவர்கள் எந்நேரமும் உணவையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்த பின்னும் உண்டார்கள். உடல்நலமும் மனவுறுதியும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் அவர்கள்.

2016-இல் இன்னொரு சான்று வந்தது. எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பியிருந்தது. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் மட்டும், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே நின்றிருந்தது.

ஆகவே, அம்மா, உங்களுக்கு மனவுறுதி குறைவு என்று சொல்பவர் வீட்டாராக இருந்தாலும் மருத்துவராக இருந்தாலும் தவறாகவே சொல்கிறார். பத்துக் கிலோவை இழந்த உடல் அதைத் திரும்பப் பெறப் போராடியது. வேகமாக இழந்ததைவிட மெல்ல இழந்து, புரதத்தைக் குறைக்காமல், தசைக்கு வேலை கொடுத்து, ஐந்து கிலோவாவது நிலைநிறுத்தினால் அது பத்துக் கிலோவை இழந்து ஏற்றுவதைவிட மேல்.

கடற்கரைச் சாலையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். எடை இறங்கவே இல்லையே?

நடையால் மட்டும் எடை அதிகம் இறங்காது. ஒரு மணி நேர நடையில் செலவாவது 200 முதல் 250 கலோரிதான், மசால் வடை இரண்டில் அது திரும்பிவிடும். ஆனால் எடை இறங்காவிட்டாலும் நடப்பவரின் தசைகள் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கின்றன, கல்லீரல் கொழுப்பும் இரத்த அழுத்தமும் குறைகின்றன. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடாத ஒரு சாலை வாய்த்திருப்பது நம் ஊரின் பேறு. நடையை நிறுத்தாதீர்கள்.

வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது?

உணவு குடலுக்குள் இறங்கியதும் குடலின் சுவரிலுள்ள சில செல்கள் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்திடம் இன்சுலினைக் கேட்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளையிடம் 'போதும்' என்கிறது. 1980-களிலேயே இதன் வேலை தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்றிரண்டு நிமிடங்களில் உடலே இதைச் சிதைத்துவிடுவதால் மருந்தாக்க முடியவில்லை. 1992-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் எங், அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் இதைப் போன்றே செயல்படும், எளிதில் சிதையாத ஒரு பொருளைக் கண்டார். அதிலிருந்து பிறந்த எக்செனடைட் 2005-இல் நீரிழிவு மருந்தாக வந்தது. பின்னர் வந்த செமாகுளுடைட்டில், ஹார்மோனோடு ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியைப் பிணைத்து, இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். அதன் பாதி அளவு வெளியேறவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். டிர்செபடைட் இன்னும் ஒரு படி மேலே போய், ஜி.ஐ.பி என்ற மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மௌஞ்சாரோ என்ற பெயரில் டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், வெகோவி என்ற பெயரில் செமாகுளுடைட் 2025 ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன.

எத்தனை கிலோ குறையும்? விளம்பரத்தில் சொல்லும் எண்ணை நம்பலாமா?

எண் உண்மையானது, அது யாருடைய எண் என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செமாகுளுடைட்டை 1,961 பேரிடம் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இரு பிரிவினருக்குமே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தரப்பட்டது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி எடை 105 கிலோ. நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். நான்கில் மூன்று பங்கினர் வெள்ளையினத்தவர். நீரிழிவு உள்ள ஒருவரும் சேர்க்கப்படவில்லை. நீரிழிவு உள்ளவர்களிடம் தனியாக நடத்திய ஆய்வில் அதே மருந்து, அதே அளவில், 9.6 சதவீதமே குறைத்தது. நான்கில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள ஊரில் இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 80 கிலோ எடையும் நீரிழிவும் உள்ள ஒருவர் பன்னிரண்டு கிலோவை எதிர்பார்த்துத் தொடங்கி ஏழரைக் கிலோவில் நின்றால், மருந்து தோற்றுவிட்டதாகவோ தான் தோற்றுவிட்டதாகவோ நினைத்துக் கைவிட்டுவிடுவார். உண்மையில் அந்த ஏழரைக் கிலோவே அவருடைய சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பெரிய நன்மை.

டிர்செபடைட் 2022-இல் வெளியான ஆய்வில், 72 வாரங்களில், மிக உயர்ந்த அளவில் 20.9 சதவீதம் குறைத்தது. எல்லாமே சராசரிகள், ஒரே மருந்தில் சிலருக்கு மிகுதியாகவும் சிலருக்குச் சொற்பமாகவும் குறையும்.

மகள் திருமணம் வரைக்கும் போட்டுக்கொண்டு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். சரியா?

வேண்டாம் என்றே சொல்வேன். பட்டினி பற்றிய கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் பொருந்தும். உடல் எடையைத் திரும்பப் பெறப் போராடுகிறது; ஊசி அந்தப் பசிச் செய்தியை அடக்கிவைக்கிறது; ஊசியை நிறுத்தினால் செய்தி மீண்டும் ஒலிக்கும். செமாகுளுடைட்டை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. டிர்செபடைட்டை 36 வாரம் போட்டு ஏறத்தாழ 21 சதவீதம் குறைத்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வெற்று ஊசி கொடுத்தபோது அவர்களுக்கு 14 சதவீதம் ஏறியது. தொடர்ந்து போட்டவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் இறங்கியது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல நெடுங்காலம் எடுக்க வேண்டிய மருந்து இது. அதற்கான பணமும் மருத்துவக் கண்காணிப்பும் இருக்கிறதா என்பதைத் தொடங்கும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இழக்கும் எடை முழுவதும் கொழுப்பு அன்று. செமாகுளுடைட் ஆய்வில் ஒரு பகுதியினரை எக்ஸ்-கதிர் ஸ்கேன் மூலம் அளந்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் தசை முதலிய கொழுப்பல்லாத திசுக்கள். திரும்பி வரும் எடையிலோ கொழுப்பே மிகுதி. ஏற்கெனவே தசை குறைந்த நம் உடல்வாகுக்குப் போட்டு நிறுத்துவதும், மறுபடி போடுவதும் மிகவும் தீங்கானது.

பக்கவிளைவுகள் என்ன? யார் போடவே கூடாது?

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கும் வரும். அளவை மெல்ல மெல்ல உயர்த்தினால் பெரும்பாலும் தணியும். சித்திரை, வைகாசி வெயிலில் வாந்தியோடு நீர் குடிக்காமலும் இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால், நம் ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும். அரிதாகக் கணைய அழற்சி வரும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பரவும் கடும் வலி வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோய் தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ இருந்தவர்கள் போடக் கூடாது. கருவுற்றவர்களும் போடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுவோர் செமாகுளுடைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைட் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்கள் தொடங்கும் முன் கண் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த ஊசியோடு சஷ்டி, ஏகாதசி விரதமும் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். விரதத்துக்கு முன் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமும் ஊசி போடுவதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் வெறும்வயிறு என்று நினைத்த இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும்.

புயலில் மின்சாரம் போய்விட்டால் ஊசி கெட்டுவிடுமா?

2011-இல் தானே புயலின்போது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் கேட்க வேண்டிய கேள்விதான். திறக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட சில நாள்கள் வரை 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் வெளியே இருக்கலாம், அந்த நாள்கணக்கு பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். கோடையில் நம் வீட்டின் அறையே 30 டிகிரியைத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம். மண்பானை நீரருகே ஈரத்துணி சுற்றி வைப்பது ஓரளவு உதவும். பனிக்கட்டியில் நேரடியாகப் புதைத்து உறைந்துபோன ஊசியைப் பயன்படுத்தவே கூடாது.

நீரிழிவு இல்லாதவர், நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினைச் சாப்பிட்டால் எடை குறையுமா?

ஓரிரு கிலோ குறையலாம்; எடைக்கென்று அதை எடுப்பதில் பொருளில்லை. நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அதன் பயன் வேறு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றமும் மெட்ஃபார்மினும் தனித்தனியே நீரிழிவு வருவதை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்தன. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பயன் இல்லை. நெடுநாள் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு நோய்க்கு மருந்து எடுக்கத் தொடங்கிய பிறகு எடை ஏறுகிறது. நிறுத்திவிடலாமா?

தாமாக நிறுத்தவே கூடாது. மனநோய்க்கான ஓலன்சபின், க்ளோசபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், ஸ்டீராய்டுகள், இன்சுலின், கிளிமெபிரைடு ஆகியவை எடையைக் கூட்டுவது நன்கு அறியப்பட்டது. எங்கள் தெருவில் ஓர் இளைஞன் ஓலன்சபின் எடுக்கத் தொடங்கி ஆறு மாதத்தில் பதினான்கு கிலோ ஏறினான். உறவினர்களின் கேலி தாங்காமல் மாத்திரையை விட்டான், நோய் திரும்பியது. மருத்துவரிடம் முன்பே சொல்லியிருந்தால் எடையை அவ்வளவு கூட்டாத வேறு மருந்துக்கு மாற்றியிருக்கலாம், அல்லது மெட்ஃபார்மினைத் துணைக்குச் சேர்த்திருக்கலாம். அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பெயரில்லாத பொட்டலத்தில் மூட்டுவலிக்கும் மூச்சிளைப்புக்கும் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பி, கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்தால் அந்தப் பொடியோடு மருத்துவரைப் பாருங்கள்.

முன்பு வந்த மெலிவு மாத்திரைகளையெல்லாம் தடை செய்தார்களே. இதையும் ஒருநாள் தடை செய்வார்களோ?

அஞ்சுவதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1933-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டை-நைட்ரோ-ஃபீனால் என்ற வேதிப்பொருள் எடையைக் குறைப்பதாக எழுதினார்கள். செல்லுக்குள் உணவின் ஆற்றலைச் சேமிக்கவிடாமல் வெப்பமாகவே வீணாக்குவது அதன் வேலை. ஆயிரக்கணக்கானோர் வாங்கி விழுங்கினார்கள். கண்புரையும், உள்ளேயே வெந்துபோகும் காய்ச்சலால் மரணமும் நேர்ந்தன. 1938-இல் அமெரிக்கா அதை விலக்கியது. அதன் நச்சை முறிக்கும் மருந்தே கிடையாது. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997-இல் நீக்கப்பட்டது. ரிமோனபன்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் 2008-இல் ஐரோப்பாவில் விற்பனை நின்றது. சிபுட்ரமின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் 2010-இல் மேலை நாடுகளிலும் 2011-இல் இந்தியாவிலும் விலக்கப்பட்டது. இன்றும் 'மூலிகை' என்று விற்கும் மெலிவு மாத்திரைகளில் அது திருட்டுத்தனமாகக் கலந்து வருகிறது. லோர்கசெரின் 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, புற்றுநோய் ஐயத்தால் 2020-இல் விலகியது.

இந்தப் பட்டியலுக்கும் புதிய ஊசிகளுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சிபுட்ரமினை இதயநோய் உள்ளவர்களிடம் பெரிய அளவில் சோதித்தபோது தீமை வெளிப்பட்டது. செமாகுளுடைட்டை இதயநோயும் அதிக எடையும் உள்ள, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் சோதித்து 2023-இல் வெளியிட்டபோது, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்திருந்தன. இது வலுவான சான்று. இருபது ஆண்டுகள் தொடர்ந்து போட்டவர்களின் கணக்கு இனித்தான் சேர வேண்டும். ஆகவே அழகுக்காக ஐந்து கிலோ குறைக்க விரும்புபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், 95 கிலோவும் நீரிழிவும் மூச்சடைப்புமாக உறங்க முடியாமல் தவிப்பவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். பரிசோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, அதற்காகவே விதிகள் உள்ளன. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் போன்ற நிறுவனமாக இருந்தாலும், சிறிய தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மருந்து ஆய்வு நடத்த முடியாது. 2009 முதல் இத்தகைய ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவுசெய்வது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளிடம் கொடுத்து இணையத்தில் பார்க்கச் சொல்லலாம். 2019-இன் புதிய மருந்துகள் விதிகளின்படி, ஆய்வில் சேர்ந்தவருக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், ஆய்வினால்தான் நேர்ந்தது என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

பயப்படுபவர்களிடம் நான் இதையும் சொல்வதுண்டு. 105 கிலோ எடையுள்ள வெளிநாட்டவர்களை அளந்து வந்த எண்ணை வைத்துத்தான் இன்று 72 கிலோ எடையுள்ள பாகூர் விவசாயிக்கும் பண்ருட்டி முந்திரித் தொழிலாளிக்கும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறோம். நம் உடல்வாகுக்கு எவ்வளவு போதும், தசை எவ்வளவு போகும் என்பதை நம்மவர்கள் ஆய்வில் இடம்பெற்றால்தான் அறிய முடியும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று, படித்த ஒருவரை வைத்து முழுவதும் வாசிக்கச் செய்யுங்கள். வெற்று ஊசி பெறும் பிரிவில் நீங்கள் இருக்க வாய்ப்புண்டா, ஆய்வு முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் இருக்கும். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். யாராவது எடுத்துப் பேசினால் மறுநாள் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.